புதைபடிவ ஈயைப் புதிய சிற்றினமாக விவரிப்பது எப்படி: ஆவணத்தில் தொடங்கி அச்சு வரை

அம்பர், அதாவது புதைபடிவமான மரப்பிசின், அதன் துண்டுக்குள் ஒரு ஈ தெளிவாகத் தெரிகிறது. தேடிப் பார்த்தவரை அதைப் போல வேறொன்று கிடைக்கவில்லை. இந்த இடத்தில் பலரும் உடனே அம்பரைத் தேய்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். சிலர் பெயர் யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம். தேய்த்த அம்பர் திரும்ப வளராது. அச்சான பெயரையும் திரும்பப் பெற முடியாது. இந்தப் பெயர் ஒரே ஒரு மாதிரியை நம்பி நிற்கப் போகிறது. பின்னால் அதைப் பார்க்க வருபவருக்கு எந்தெந்த உறுப்பு தெரிய வேண்டுமோ அதையெல்லாம் கெடுக்காமல் வெளிக்கொண்டுவருவதுதான் உங்கள் வேலை. பெயர் வைப்பது அதன் கடைசிப் பத்து நிமிடம்.

கீழே உள்ள வரிசை அம்பரை மனத்தில் வைத்து எழுதியது. பாறைத் தகட்டில் பதிந்த ஈக்களுக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் காகிதங்கள்

மாதிரி கையில் வந்த அன்றே இவற்றைச் சேகரியுங்கள்: எந்தச் சுரங்கம் அல்லது எந்தப் பாறை அடுக்கு, எந்த ஆண்டில் எடுத்தது, யார் யார் கைமாறி வந்தது, விற்பனை ரசீது, அந்நாட்டின் ஏற்றுமதி அனுமதி. ஆறு மாத வேலைக்குப் பிறகு இதழாசிரியர் கேட்கும் முதல் கேள்வி இதுவாக இருக்கலாம். அப்போது தேடினால் கிடைக்காது.

நாட்டுக்கு நாடு விதி வேறு. பிரேசிலில் 1942 முதலே புதைபடிவங்கள் அரசின் சொத்து. அனுமதி இல்லாமல் வெளியே வந்த க்ராட்டோ பாறைத் தகட்டை வைத்துக் கட்டுரை எழுதினால், அது பாதியில் நிற்கவும் வாய்ப்புண்டு, வெளியான பின் சர்ச்சையாகவும் வாய்ப்புண்டு. மியான்மரின் கச்சின் அம்பர் இன்னும் சிக்கல். சுரங்கப் பகுதி 2017-இல் ராணுவத்தின் பிடிக்குள் போனது. அதற்குப் பின் வாங்கிய மாதிரிகளைச் சில இதழ்கள் ஏற்பதில்லை. எனவே வாங்கிய தேதியைக் காட்டும் காகிதம் இல்லாத கச்சின் அம்பரில் உழைப்பைக் கொட்டாதீர்கள்.

அடுத்து, மாதிரி நிரந்தரமாக எங்கே இருக்கும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பு கேட்பது இதுதான்: ஹோலோடைப், அதாவது பெயரைச் சுமக்கும் அந்த ஒற்றை மாதிரி, எது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அது எந்தச் சேகரிப்பில், எந்த ஊரில் இருக்கிறது அல்லது இருக்கப் போகிறது என்றும் எழுத வேண்டும். தனியார் சேகரிப்பை விதி தடுக்கவில்லை. ஆனால் நல்ல இதழ்கள் பல தடுக்கின்றன, அது நியாயமும்கூட. அருங்காட்சியகத்திடம் ஒப்புதல் கடிதமும் பதிவு எண்ணும் வாங்கிவிடுங்கள். பதிவு எண் வர வாரக்கணக்கில் ஆகும். கட்டுரை அனுப்பும் வாரத்தில் கேட்டால் தாமதம் உங்களுடையது.

2. அம்பர் உண்மையா, உள்ளே இருப்பது பழையதா

போலிகள் மூன்று வகை: பிளாஸ்டிக், இளம் பிசினான கோபால், உண்மையான அம்பரைக் குடைந்து உள்ளே இன்றைய பூச்சியை வைத்து ஒட்டியது.

உப்புநீர்ச் சோதனை எளிது. இனிமேல் கரையாது என்னும் அளவு உப்புப் போட்ட நீரில் அம்பர் மிதக்கும், பல பிளாஸ்டிக்குகள் மூழ்கும். ஆனால் கோபாலும் மிதக்கும், பாலிஸ்டைரீனும் மிதக்கும். மிதந்தது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கோபாலைப் பிரிக்க, பூச்சி இல்லாத மூலையில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுச் சில விநாடி கழித்து விரலால் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் கோபால் என்று சந்தேகிக்கலாம். ஒரு எச்சரிக்கை: குஜராத்தின் காம்பே அம்பர் போன்ற டாமர் வகைகள் உண்மையான புதைபடிவமாக இருந்தும் கரைப்பான்களில் கரையும். அவற்றின் பக்கத்தில் அசிட்டோன் புட்டியையே கொண்டுபோகாதீர்கள்.

உறுதியான சான்று அகச்சிவப்பு நிறமாலை. பால்டிக் அம்பரில் அலையெண் (செ.மீ.⁻¹) 1,250-க்கும் 1,180-க்கும் இடையே ஒரு தட்டையான தோள்பகுதியும், 1,160-ஐ ஒட்டி ஒரு முகடும் தெரியும். பல்கலைக்கழக வேதியியல் துறைகளில் கடுகளவுத் தூளே போதும்.

குடைந்து ஒட்டியதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். பால்டிக் அம்பரில் இருந்ததாகக் கருதப்பட்ட ஒரு ஈயை ஈ வல்லுநர் வில்லி ஹென்னிக் 1966-இல் ஆராய்ந்து, இன்றும் வாழும் ஃபேனியா ஸ்கேலாரிஸ் என்று அடையாளம் சொன்னார். 1993-இல் ஆண்ட்ரூ ராஸ் அதை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது விளக்கின் சூட்டில் ஈயைச் சுற்றி விரிசல் விழுந்தது. துண்டை இரண்டாகப் பிளந்து குடைந்து ஈயை வைத்து மூடியது அப்போதுதான் தெரிந்தது. ஈ உறுப்புகளைப் பற்றி ஹென்னிக்கைவிட அதிகம் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே ஈயைப் பார்ப்பதற்கு முன் அதைச் சுற்றியுள்ள பிசினைப் பாருங்கள்: ஒரே தளத்தில் வரிசையாகக் குமிழிகள் இருக்கின்றனவா, பிசினின் ஓட்டக் கோடுகள் ஈக்கு அருகில் வந்ததும் திடீரென்று அறுபடுகின்றனவா, புறஊதா ஒளியில் ஒட்டுக்கோடு வேறு நிறத்தில் ஒளிர்கிறதா?

நகைக்காக அழுத்தக் கலத்தில் வைத்துச் சூடாக்கித் தெளிவாக்கிய பால்டிக் அம்பரும் சந்தையில் நிறைய உண்டு. அது போலியல்ல. ஆனாலும் உள்ளே உள்ள ஈ கருகிச் சுருங்கியிருக்கும். நிறமும் அளவும் நம்பத்தக்கதல்ல. முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

3. அது ஈதானா

ஒரு ஜோடி இறக்கை, பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் காம்பு வைத்த குமிழ். இரண்டும் தெரிந்தால் ஈ வரிசை. குமிழ் தெரியாவிட்டால் நிதானியுங்கள். ஆண் செதில்பூச்சிக்கும் ஒரே ஜோடி இறக்கைதான். ஆனால் இறக்கையில் இரண்டே மங்கிய நரம்புகள் இருக்கும், வாயுறுப்பு இருக்காது, வால் நுனியில் நீண்ட மெழுகு இழைகள் இருக்கலாம். மிகச்சிறிய குளவிகளின் பின்னிறக்கை முன்னிறக்கையோடு ஒட்டி மறைந்திருக்கும். கொசு, கடிகொசு, பூஞ்சைக்கொசு எல்லாமே இந்த வரிசைக்குள் வருபவை என்பதையும் புதியவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அம்பரில் கிடைக்கும் ஈக்களில் பெரும்பகுதி இந்தக் கொசுவடிவக் கூட்டம்தான்.

4. தயாரிப்பு

துண்டைத் தொடுவதற்கு முன் ஆறு பக்கமும் படம் எடுங்கள். பிறகு ஒரு தாளில் எந்தெந்தக் கோணம் வேண்டும் என்று எழுதுங்கள்: இறக்கையை நேர் மேலிருந்து, மார்பைப் பக்கவாட்டில், தலையை முன்னாலிருந்து, வயிற்றின் நுனியைப் பக்கவாட்டிலும் கீழிருந்தும். எல்லாக் கோணமும் கிடைக்காது. எது முக்கியம் என்பது குடும்பத்தைப் பொறுத்தது. அதனால் முழுத் தேய்ப்புக்கு முன் குடும்பத்தை ஓரளவு ஊகித்துவிட வேண்டும்.

அதற்கு ஒரு வழி: கரடுமுரடான பரப்பில் ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, மேலே ஒரு கவர்சிலிப்பை வையுங்கள். அம்பரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.54, கிளிசரினுடையது 1.47, கீறல்கள் கிட்டத்தட்ட மறைந்துவிடும், தேய்க்காமலே உள்ளே பார்க்கலாம். நுண்ணோக்கி எண்ணெய் 1.515, இன்னும் நெருக்கம்தான். ஆனால் அது விரிசலுக்குள் இறங்கினால் வெளியே எடுக்க முடியாது. கிளிசரின் தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

விரிசல் விட்ட துண்டு, சிறிய துண்டு, எளிதில் நொறுங்கும் லெபனான் அம்பர், இவற்றை எபாக்ஸியில் பொதியுங்கள். ஒளிவிலகல் எண் 1.54-ஐ ஒட்டிய, நீர்போல ஓடும், நிறமற்ற எபாக்ஸி வேண்டும். வெற்றிடக் கலத்தில் வைத்துக் காற்றை உறிஞ்சினால் அது விரிசலுக்குள்ளும் போய் நிரப்பிவிடும். கெட்டியாக ஒன்று அல்லது இரண்டு நாள் விடுங்கள். அடுப்பில் வைத்து அவசரப்படுத்தினால் சூட்டில் புது விரிசல் விழும். எபாக்ஸியைத் திரும்பப் பிரிக்க முடியாது என்பதால் அருங்காட்சியகப் பொருளாக இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

தேய்ப்புக்கு நீர்த் தேய்ப்புத்தாள் போதும், கரகரப்பு எண் 600, 800, 1,200, 2,000, கடைசியில் 4,000. தட்டையான கண்ணாடியின்மேல் தாளை வைத்து, எப்போதும் ஈரமாக வைத்திருங்கள். ஒவ்வொரு தாளிலும் முந்தைய தாளின் திசைக்குக் குறுக்காகத் தேயுங்கள். முந்தைய கீறல்கள் முழுதாகப் போனபிறகே அடுத்த தாள். நடுவில் ஒன்றைத் தாண்டினால் கடைசி மெருகில்தான் ஆழமான கீறல் தெரியும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இறுதியில் ஈரமான மென்தோலில் சீரியம் ஆக்சைடு. சுழல் இயந்திரம் வேண்டாம். சூட்டில் மேற்பரப்பு மெல்லிய வலையாக வெடிக்கும்.

ஈக்கும் மேற்பரப்புக்கும் இடையே அரை மில்லிமீட்டராவது விடுங்கள். இதில் ஏமாற்றுவது உடலல்ல, உறுப்புகள்: உடல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் பத்திரமாக இருக்கும், பின்கால் நுனி மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். பரப்பு நெருங்கியதும் பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் வையுங்கள். இரண்டு எதிர்ப்பக்கங்களை ஒன்றுக்கொன்று இணையாக ஆக்கினால் கூட்டு நுண்ணோக்கியில் கீழிருந்து ஒளி விட்டுப் பார்க்கலாம். துண்டு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருந்தால் 20 மடங்கு லென்சு உள்ளே எட்டாது.

துண்டில் வேறு பூச்சிகளும் இருந்தால் வெட்டுவதற்கு முன் வரைபடம் போட்டு ஒவ்வொன்றுக்கும் எழுத்து கொடுங்கள். எது ஹோலோடைப் என்று அம்புக்குறி போட்ட படம் கட்டுரையிலும் சேகரிப்புப் பெட்டியிலும் இருக்க வேண்டும்.

பால்டிக் அம்பரில் ஈயின் ஒரு பக்கம் முழுவதும் பால்போல் வெள்ளைப் படலம் மூடியிருப்பது சாதாரணம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மறுபக்கம் போதவில்லை என்றால் மைக்ரோ சிடி, அதாவது எக்ஸ்-கதிரால் எடுக்கும் நுண் முப்பரிமாணப் படம், ஒன்றே வழி.

பாறைத் தகட்டு ஈ என்றால் வேலை வேறு. எத்தனாலால் நனைத்தால் நரம்புகள் கறுத்துத் தெரியும். காய்ந்தபின் தாழ்ந்த பக்கவாட்டு ஒளியில் இன்னொரு முறை பாருங்கள், புடைப்புகள் தெரியும். களிமண் நிறைந்த தகடு திரவம் பட்டால் உரியும், மூலையில் சோதித்துவிட்டு நனையுங்கள். வார்னிஷ் பூசவே கூடாது. தகடு பிளந்த இரு பாதிகளும் வேண்டும். பாறை விரிசலை நரம்பு என்று வரைந்துவிடும் தவறு ஒரே பாதியை வைத்து வேலை செய்யும்போதுதான் நடக்கிறது. வலது இறக்கை, இடது இறக்கை இரண்டிலும் அதே இடத்தில் இருந்தால்தான் அது நரம்பு.

5. குடும்பம் வரை

உணர்கொம்பில் தொடங்குங்கள். ஒரே மாதிரியான பல கணுக்கள் மாலைபோல் வந்தால் கொசுவடிவக் கூட்டம். சில கணுக்கள் குறுகி, நுனியில் ஊசியோ மயிரோ நின்றால் குட்டைக்கொம்பு ஈக்கள்.

அடுத்தது இறக்கை நரம்புகள். அம்பரில் அடிக்கடி வருபவற்றைப் பிரிக்கச் சில குறிகள்: கடிக்காத கொசுக்களான கைரோனமிடேயில் எம் நரம்பு (இறக்கையின் நடு நீள்நரம்பு) கிளைக்காது, முன்கால் நீளம், கடிகொசுக்களான செரட்டோபோகனிடேயில் எம் நரம்பு எம்1, எம்2 என்று பிரியும், பெண்ணுக்கு வெட்டும் வாயுறுப்பு உண்டு. சியாரிடேயில் இரு கூட்டுக்கண்களும் உணர்கொம்புக்கு மேலே ஒரு பாலம்போல் இணையும். மைசெட்டோஃபிலிடேயில் காலின் அடிக்கணு நீண்டு, டிபியா எனும் கீழ்க்கால் பகுதியின் நுனியில் பெரிய முட்கள் நிற்கும். சைக்கோடிடேயின் மயிரடர்ந்த இறக்கையில் நீள்நரம்புகள் இணையாக ஓடும். நீள்கால் டிபூலா கூட்டத்துக்கு மார்பின் மேல் வி வடிவப் பள்ளம். ஃபோரிடேயில் முன்னோரத்து நரம்புகள் தடித்தும் மற்றவை மங்கிச் சாய்ந்தும் இருக்கும், முதுகு கூன். இவற்றில் கைரோனமிடேயும் செரட்டோபோகனிடேயும்தான் புதியவர்களை அதிகம் குழப்புபவை. மயங்கினால் எம் நரம்பையே மறுபடி பாருங்கள்.

நரம்புப் பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய கட்டுரைகள் சியூஏ1 என்று எழுதிய நரம்பைப் புதியவை எம்4 என்று எழுதுகின்றன. ஒரே நரம்பு, இரண்டு பெயர். உங்கள் அட்டவணையில் இரண்டு முறையையும் கலந்தால், இல்லாத வேறுபாடு ஒன்று முளைத்து அதன்மேல் ஒரு புதுச் சிற்றினமும் எழுந்துவிடும். எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதி, பழைய விவரிப்புகளை எல்லாம் அதற்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

இன்னொன்று: அடையாள வழிகாட்டிகள் பெரும்பாலும் இன்று வாழும் ஈக்களுக்கு எழுதியவை. டைனோசர் காலமான கிரெட்டேசியஸின் ஈயை அதில் போட்டால் ஏதாவது ஒரு குடும்பத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். சாங்சோல்விடே, எரிமோகீட்டிடே போல முழுதாக அழிந்துபோன குடும்பங்கள் அந்த வழிகாட்டியில் இல்லவே இல்லை. கிடைத்த விடையை அந்தக் குடும்பத்தின் முழு வரையறையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பாதீர்கள். அதற்குப் பிந்தைய ஈயோசீன், மையோசீன் கால ஈக்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

6. ஒப்பீடு: நேரம் போகும் இடம்

இந்தப் படியைச் சுருக்கியவர்களின் பெயர்கள்தான் பின்னால் ஒத்தபெயர்ப் பட்டியலில், அதாவது ஏற்கெனவே பெயருள்ள சிற்றினத்துக்கு வைத்த மிகைப் பெயர்களோடு, போய்ச் சேர்கின்றன.

அன்றுவரை பெயரிட்ட புதைபடிவ ஈக்களுக்கு நீல் எவன்ஹுயிஸ் 1994-இல் வெளியிட்ட உலகப் பட்டியல் அடித்தளம். அதற்குப் பின் வந்தவற்றுக்கு சிஸ்டமா டிப்டெரோரம், பேலியோபயாலஜி டேட்டாபேஸ் என்ற இணையத் தரவுத்தளங்கள் இரண்டிலும் தேடுங்கள். இரண்டிலும் விடுபட்டவை இருக்கும். அந்தக் குடும்பத்தின் அண்மைக் கட்டுரைகளின் மேற்கோள்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து இடைவெளியை அடைக்க வேண்டும். பழைய விவரிப்புகள் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரியில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஒப்பிட வேண்டிய வட்டம் மூன்று: அதே படிவில் கிடைத்த அதே பேரினத்துச் சிற்றினங்கள் எல்லாம், அதே காலத்தின் மற்ற படிவுகளில் உள்ளவை, பேரினத்தின் இன்றைய உறுப்பினர்கள், குறைந்தபட்சம் சிற்றினக் குழுக்கள் அளவில். முதல் வட்டத்தில் ஒன்றைக்கூட விடக் கூடாது.

அட்டவணை போடுங்கள். வரிசையில் சிற்றினங்கள், நிரலில் பண்புகள். பழைய விவரிப்பில் சொல்லப்படாத பண்புக்கு "தெரியவில்லை" என்று எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால் பிறகு "இல்லை" என்று படித்துவிடுவீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு விவரிப்பு பலவும் நிறமும் நீளமும் சொல்லி நான்கு வரியில் முடிந்துவிடும். அப்போது மூல மாதிரியைப் பார்க்க வேண்டும். காப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதும்போது "படம் அனுப்புங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "வலது இறக்கையின் எம் கிளை, ஆண் உறுப்பின் கீழ்ப்பக்கம்" என்று குறிப்பாகக் கேட்டால் விரைவில் பதில் வரும். கடனாகப் பெற மாதங்கள் ஆகலாம். சில மாதிரிகள் இப்போது இல்லை. கோனிக்ஸ்பெர்க்கின் பெரிய பால்டிக் அம்பர்ச் சேகரிப்பு இரண்டாம் உலகப் போரில் பெரும்பகுதி தொலைந்தது, மீந்தது கோட்டிங்கனில் இருக்கிறது. மாதிரி இல்லை, விவரிப்பும் போதவில்லை என்றால் அதைக் கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்லி, அந்தப் பழைய பெயரை ஏன் ஒப்பிட முடியவில்லை என்று எழுதுங்கள். மௌனமாகத் தாண்டிப் போவதைத் திறனாய்வாளர் கண்டுபிடித்துவிடுவார்.

7. பெயரிடலாமா, விட்டுவிடலாமா

சியாரிடே, கைரோனமிடே போன்ற குடும்பங்களில் சிற்றினத்தைப் பிரிப்பது பெரும்பாலும் ஆணின் இனப்பெருக்க உறுப்பு. அது மறைந்திருந்தாலோ, பெண் மட்டும் கிடைத்திருந்தாலோ பேரினத்தோடு நிறுத்தி "சிற்றினம் தெரியவில்லை" என்று வெளியிடுங்கள். அதுவும் பயனுள்ள கட்டுரையே. அதே படிவில் ஆண் மட்டும் தெரிந்த ஒரு சிற்றினம் ஏற்கெனவே இருக்கும்போது, ஒற்றைப் பெண்ணுக்குப் புதுப்பெயர் வைப்பது அடுத்தவருக்குத் தலைவலி.

உடலளவு மட்டும் வேறுபாடு, நிறம் மட்டும் வேறுபாடு, ஒரு குறுக்கு நரம்பு ஒரு இறக்கையில் மட்டும் வேறுபாடு: இம்மூன்றில் எதுவும் தனியாக நிற்காது. ஒரே மாதிரியின் இரு இறக்கைகளிலேயே நரம்பு மாறியிருப்பது உண்டு.

8. படமும் அளவும்

நுண்ணோக்கியின் ஒவ்வொரு பெருக்கத்துக்கும் மேடை மைக்ரோமீட்டரை (நுண்ணளவு கோடிட்ட கண்ணாடித் தகடு) படமெடுத்து அளவுக்கோடு தயாரியுங்கள். சூம் குமிழைக் கிளிக் நிலையில் நிறுத்தாமல் இடையில் விட்டால் அந்த அளவுக்கோடு செல்லாது. வெவ்வேறு ஆழத்தில் குவித்த படங்களை ஒன்றாக்கும் குவிய அடுக்குப் படத்துக்கு ஹெலிகான் ஃபோகஸ், ஜெரின் ஸ்டேக்கர் நன்றாக வேலை செய்யும், இரண்டும் கட்டண மென்பொருள். அளப்பதற்கு இமேஜ்ஜே, கோட்டோவியத்துக்கு இங்க்ஸ்கேப், இரண்டும் இலவசம். அடுக்கிய படத்தில் ஒன்றன்மேல் ஒன்றான முள்மயிர்கள் இரட்டிப்பாகவோ காணாமலோ போகும். முள்மயிர் எண்ணிக்கையை நுண்ணோக்கியில் நேராகப் பார்த்து எண்ணுங்கள், படத்தில் எண்ணாதீர்கள்.

சாய்ந்த உறுப்பை அளப்பதில்தான் பிழை அதிகம். 30 பாகை சாய்ந்த இறக்கை படத்தில் 13 விழுக்காடு குட்டையாகத் தெரியும். திருத்த வழி இருக்கிறது. ஒரு முனையில் குவித்து, மறுமுனைக்குக் குவியத்தை மாற்ற நுண்திருகு எவ்வளவு நகர்ந்தது என்று குறியுங்கள். காற்றிலிருந்து அம்பருக்குள் பார்ப்பதால் அதை 1.54-ஆல் பெருக்கினால் உண்மையான ஆழம் ஏறக்குறைய வரும். படத்தில் நீளம் 1.20 மி.மீ., குவிய நகர்வு 0.30 மி.மீ. என்றால் ஆழம் 0.46, இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1.29 மி.மீ. ஏழு விழுக்காடு வித்தியாசம். விகிதங்களை வைத்துச் சிற்றினம் பிரிக்கும் குடும்பத்தில் இது பெரிய தொகை.

இறக்கை நீளத்தை எந்தப் புள்ளியிலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். கைரோனமிடேயில் உணர்கொம்பு விகிதமும் கால் விகிதமும், அதாவது முதல் பாதக் கணுவை டிபியாவால் வகுத்தது, எதிர்பார்க்கப்படும். செரட்டோபோகனிடேயில் காஸ்டா எனும் முன்னோர நரம்பின் நீளத்தை இறக்கை நீளத்தால் வகுத்த விகிதம். உங்கள் குடும்பத்துக்கு எது வழக்கமோ அதையே கொடுங்கள்.

கோட்டோவியத்தில் கண்ணால் கண்டதற்கு முழுக்கோடு, ஊகித்ததற்குப் புள்ளிக்கோடு. இந்த ஒரு ஒழுங்கைக் காப்பாற்றினாலே திறனாய்வில் பாதிச் சண்டை வராது.

9. விவரிப்பை எழுதுதல்

முதலில் வேறுபாட்டுக் குறிப்பு: இந்தச் சிற்றினத்தை மற்றவற்றிலிருந்து பிரிக்கும் மூன்று முதல் ஆறு பண்புகள், எதிலிருந்து எப்படி வேறு என்பதோடு. விதிக்குத் தேவையான பகுதி இதுதான்; ஆகவே கவனம் இதில் இருக்கட்டும். பிறகு முழு விவரிப்பு: தலை, மார்பு, இறக்கை, கால், வயிறு, இனப்பெருக்க உறுப்பு என்ற வரிசையில், வினையில்லாத சுருக்க வாக்கியங்களாக. நிறத்தை "இப்போது தெரிவது" என்றே எழுதுங்கள். தெரியாத உறுப்பைத் தெரியாது என்று எழுதுங்கள். நெருங்கிய உறவினத்திலிருந்து கடன் வாங்கி நிரப்பாதீர்கள்.

காலத்தை எழுதும்போது எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதும் வேண்டும். கச்சின் அம்பருக்கு வழக்கமாகக் காட்டப்படும் 98.79 மில்லியன் ஆண்டு, அம்பர் புதைந்த பாறையில் உள்ள சிர்க்கான் என்ற கனிமத் துகள்களை அளந்தது, ஈயை அளந்ததல்ல. பால்டிக் அம்பரின் காலத்தில் கருத்து வேறுபாடு இருப்பதால் ஈயோசீன் என்று எழுதுவது பாதுகாப்பு.

10. பெயரும் விதியும்

பெயர் லத்தீன் எழுத்தில், குறிகள் இல்லாமல், இதுவரை அந்தப் பேரினத்தில் பயன்படாததாக இருக்க வேண்டும். புதிய பேரினம் என்றால் விலங்குலகம் முழுவதிலும் அந்தப் பெயர் இல்லை என்று பாருங்கள். ஒரு மீனுக்கோ நத்தைக்கோ முன்பே வைத்திருந்தால் உங்களுடையது செல்லாது. புதிய பேரினத்துக்கு மாதிரிச் சிற்றினம் எது என்று குறிப்பிட மறந்தால் அந்தப் பெயரே கணக்கில் வராது.

சிற்றினப் பெயர் பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். மையா என்று முடிவது பெண்பால். ஆப்ஸ் என்று முடியும் கூட்டுப்பெயர் ஆண்பால். சோமா என்று முடிவது பார்த்தால் பெண்பால்போல் தோன்றினாலும் அஃறிணைப்பால். பெயர்ச்சொல்லாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு ஆணைச் சிறப்பிக்கும் பெயர் i என்ற லத்தீன் எழுத்தில் முடியும், பெண்ணைச் சிறப்பிப்பது ae என்ற இரண்டு எழுத்துகளில். தன் பெயரையே வைத்துக்கொள்ள விதியில் தடை இல்லை, செய்யாதீர்கள்.

"புதிய சிற்றினம்" என்ற அறிவிப்பு பெயரின் பக்கத்திலேயே வெளிப்படையாக இருக்க வேண்டும். மாநாட்டுச் சுருக்கம், ஆய்வேடு, முன்பதிப்பு எதிலும் புதுப்பெயரை எழுதிவிடாதீர்கள். அங்கே "புதிய சிற்றினம் ஏ" போதும்.

மின்னிதழ் என்றால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு கட்டாயம். 2011-க்குப் பின் வந்த மின்வெளியீடுகள் ஏற்கப்பட, கட்டுரை ஜூபேங்கில் வெளியீட்டுக்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும், வெளியான தேதியும் பதிவுக்கான சான்றும் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். பதிவு இலவசம், அரைமணி நேர வேலை. சில இதழ்கள் தாங்களே செய்யும், சில உங்களிடம் விடும். யார் செய்கிறார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இறுதி மெய்ப்பு வந்ததும் பதிவு எண் பக்கத்தில் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். புதுப்பெயரின் விவரிப்பைத் துணைக் கோப்பில் தள்ளச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பெயரும் விவரிப்பும் ஹோலோடைப் குறிப்பும் முதன்மைக் கட்டுரையில்தான் இருக்க வேண்டும்.

11. காலமும் செலவும்

தேய்ப்புக்கும் மெருகுக்கும் ஆகும் செலவு சொற்பம். பணம் போவது இரண்டு இடத்தில்: மைக்ரோ சிடி, திறந்த அணுக்க (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) வெளியீட்டுக் கட்டணம். சிடிக்கு மணிக்கணக்கில் கட்டணம் கேட்பார்கள்; எந்த உறுப்புக்காக எடுக்கிறீர்கள் என்று தெளிவாகச் சொன்னால் ஒரே ஓட்டத்தில் முடியும். அம்பரில் ஈயின் உடல் வெற்றுக்கூடாக இருக்கலாம், வண்டலால் நிரம்பியும் இருக்கலாம்; வேறுபாடு குறைவாக இருந்தால் படம் வராது. முழுக்கட்டணம் கொடுப்பதற்கு முன் ஒரு குறுகிய சோதனை ஓட்டம் கேளுங்கள். வெளியீட்டுக்கு, ஜூடாக்சா போன்ற இதழ்களில் திறந்த அணுக்கம் வேண்டாம் என்றால் ஆசிரியரிடம் கட்டணம் இல்லை. ஜூகீஸ் போன்றவை கட்டணம் வாங்கும், நிதி இல்லாதவர்கள் தள்ளுபடி கேட்கலாம். தள்ளுபடியை அனுப்பும்போதே கேட்க வேண்டும், ஏற்ற பின் கேட்டால் கிடைக்காது.

நேரத்தில் தேய்ப்புக்கு நாட்கள், படத்துக்கு ஓரிரு வாரம். ஒப்பீட்டுக்கு மாதங்கள், கடன் மாதிரி தேவைப்பட்டால் இன்னும் நீளும். திறனாய்வு இதழைப் பொறுத்துச் சில வாரத்திலிருந்து பல மாதம். மாதிரி அதற்குள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட வேண்டும், இருட்டில், வெயிலும் சூடும் படாத பெட்டியில். வெளியான நாளன்று சிவப்பு ஹோலோடைப் சீட்டை எழுதி அனுப்புங்கள், சிடி கோப்புகளையும் அடுக்காத மூலப் படங்களையும் ஜெனோடோ போன்ற இலவசக் களஞ்சியத்தில் ஏற்றி, அந்த இணைப்பு எண்ணை அருங்காட்சியகப் பதிவேட்டில் மாதிரியின் எண்ணுக்கு நேரே எழுதச் சொல்லுங்கள்.